தேசாதிபதியும் சட்டமும்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானதளத்தையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கியொன்று பற்றி எரிந்தது. அத்தகைய நாளில் அரசு அசாதாரண அதிகாரங்களைக் கையாளுவதை எவரும் குறைகூறார். பகைவன் எவனும் வாராத நாளிலே ஆள்வோன் அவ்வதிகாரத்தைக் கையில் எடுப்பானாயின் அதனைத் தடுப்பது யாது? இக்கேள்வி இலங்கையில் அதற்கு ஐந்தாண்டுகளின் முன்னரே எழுந்தது.

அவுஸ்திரேலியாவிலிருந்து தேயிலைத் தோட்டத் தொழில் பயில வந்த பிரேஸ்கேடில் என்னும் வெள்ளையர், துரைமாரோடு சேராமல், தமிழ்த் தொழிலாளரின் துன்பங்களை மேடையேறிப் பேசலானார். தோட்ட முதலாளிகள் பொறுப்பரோ? 1937 ஏப்ரலில் தேசாதிபதி ஸ்டப்ஸ், இரண்டு நாளில் நாட்டைவிட்டு நீங்குமாறு அவருக்கு ஆணையிட்டார். 1896ஆம் ஆண்டின் கட்டளையொன்றே அதற்கு ஆதாரம். பிரேஸ்கேடில் தலைமறைவானார், பின்னர் கைது செய்யப்பட்டார். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. அவர் சார்பில் எச். வி. பெரேரா வாதாடினார்.

பிரதம நீதியரசராக வீற்றிருந்தவர் சேர் சிட்னி ஆபிரகாம்ஸ், யூத குலத்தவர். (1912ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் நீளம் பாய்ந்தவரும் இவரே.) அவசர நிலைக்கென வகுக்கப்பட்ட அதிகாரத்தை அமைதிக்காலத்தில் ஒருவரது பேச்சை அடக்கப் பயன்படுத்தலாகாது என மே 18ஆம் நாள் தீர்ப்பாயிற்று. பிரேஸ்கேடில் விடுதலை பெற்றார்.

தீர்ப்புக்கு ஆதாரம் ஆங்கிலச் சட்டமேயன்றி வேதாகமம் அன்று. ஆயினும் அக்குலத்தாரின் பழைய சிந்தனை இங்கு நினைவுக்கு வராமற் போகாது. எல்லாளன் தன் மைந்தனையே தண்டித்தான் என மகாவம்சம் கூறும். அங்கே நீதி அரசனின் நல்லியல்பைச் சார்ந்து நிற்கிறது. உபாகமமோ அந்நல்லியல்பை நம்பி இருந்துவிடவில்லை. அரியணை ஏறுவோன் சட்டத்தின் படியொன்றை எழுதிவைத்து, வாழ்நாளெல்லாம் வாசிக்க வேண்டும். குதிரைகளையும் பொன்னையும் பெருக்கலாகாது என்று அது விதிக்கிறது.

நாபோத்தின் கதை இதனினும் கூரியது. ஆகாப் மன்னன் விரும்பிய திராட்சத் தோட்டம் வாளால் பறிக்கப்படவில்லை. அரசி யேசபேல் மன்னனின் முத்திரையிட்டுக் கடிதம் அனுப்பினாள், மூப்பர் கூடினர், சாட்சிகள் இருவர் பொய்யுரைத்தனர், நாபோத் கல்லெறியுண்டு மாண்டான். முறைகள் யாவும் வழுவாமல் நடந்தன! கொடுங்கோன்மை சட்டத்தின் உடையை உடுத்து வருமென்பதை அந்நூலார் நன்கறிந்திருந்தனர். 1896ஆம் ஆண்டுக் கட்டளையும் அவ்வுடையிலேதான் வந்தது.

அவ்வாண்டிலேயே பிரேஸ்கேடில் தாமாகவே இலங்கையை விட்டு நீங்கினார். அவர் யாருக்காகப் பேசினாரோ, அத்தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். அச்சட்டமும் பாராளுமன்றத்தில் முறைப்படியே நிறைவேறியது.