வில்லுக்கும் எழுத்து வேண்டும்

(ஜூபிலி விழாவையொட்டி, கடத்தூரில் பாடகர் குழுவினரிடையே ஆற்றிய உரை)



வயலின் வாசிப்போருக்கு இசை எழுதுகிறவர் ஸ்வரத்தையும் தாளத்தையும் மட்டும் எழுதினால் போதுமா? போதாது என்பதே என் துணிபு. ஸ்வரம் எது என்பதை இடது கை காட்டும். அதை எப்படிச் சொல்வது என்பதை வலது கையிலுள்ள வில்தான் காட்டும்.

"அல்லேலூயா" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'லூ' என்னும் ஓரெழுத்தின்மேல் நான்கு ஸ்வரங்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். அந்நான்கையும் அணைத்து ஒரு வளைகோடு போட்டால், வாசிப்பவர் ஒரே வில்லில் இழுப்பார். சொல் முழுதாகக் கேட்கும். கோடில்லையேல் நான்கு முறை வில்லைத் திருப்புவார்; 'லூ-ஊ-ஊ-ஊ' என்று சொல் சிதறிப்போகும். பாடுவோரும் தடுமாறுவர்.

வேறு சில குறிகளும் உண்டு. ஸ்வரத்தின் தலையிலோ அடியிலோ புள்ளி வைத்தால் சுருக்கி நிறுத்த வேண்டும். சிறு கோடு இட்டால் முழு அளவும் நிறுத்தி வாசிக்க வேண்டும். வில்லைப் பிடியிலிருந்து நுனிக்கு இழுப்பதற்குக் கதவு நிலை போன்ற ஒரு குறி. நுனியிலிருந்து பிடிக்குத் தள்ளுவதற்கு ஆங்கில 'வி' எழுத்துப் போன்ற குறி. இழுக்கும் வீச்சுக்கு இயல்பாகவே எடை அதிகம். ஆகவே அழுத்தம் விழவேண்டிய இடத்தில் அதைக் குறிப்பது நலம். எதிரொலி மிகுந்த ஆலயத்தில் நீண்ட ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பும். அங்கே புள்ளியின் அருமை தெரியும்.

இது மேல்நாட்டார் வழக்கம்தானே என்று எண்ணிவிட வேண்டாம். நம் இசையில் வயலினைப் புகுத்திய முன்னோடி, முத்துசாமி தீட்சிதரின் தம்பியான பாலுசாமி தீட்சிதர். அவர் தத்தெடுத்து வளர்த்த பேரன் சுப்பராம தீட்சிதர். நமது கீர்த்தனைகளை மேல்நாட்டு இசைக்குறியில் எழுதி 1890-களில் அச்சிட்ட கிறிஸ்தவ அன்பர் சின்னசாமி முதலியார், சுப்பராம தீட்சிதரையும் நூல் எழுதத் தூண்டினார். அதன் பயனாக 1904-இல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. அதில் கம்பிதத்துக்கு நெளிகோடு, ஸ்புரிதத்துக்கு முப்புள்ளி, ஜாருவுக்குச் சாய்கோடு என்று ஒவ்வொரு கமகத்துக்கும் அடையாளம் இட்டார். 1906-இல் அவர் காலமானார். அந்தக் குறிகளோ இன்றும் பேசுகின்றன!

பாடகர் குழு அன்பர்களே, உங்கள் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். ஸ்வரம் இருக்கும், வில் இராது. எழுதியவர் அருகில் இருக்கும்வரை வாயால் சொல்லித் தருவார். அவருக்குப் பின் வரும் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

எழுதுகிறவர்கள் முதலில் பாட்டை வாய்விட்டுப் பாடுங்கள். எங்கே சொல் முடிகிறதோ அங்கே வளைகோட்டையும் முடியுங்கள். பின்னர் வாசிப்பவரிடம் கொடுத்து, "வில் போதுமா?" என்று கேளுங்கள். அவர் சொன்னபடி பென்சிலால் திருத்துங்கள். ஆனால் எல்லா ஸ்வரத்துக்கும் குறி போட்டுக் கண்ணைக் கூசவைக்காதீர்கள். ஐயம் எழும் இடத்தில் மட்டும் போடுங்கள்.

இந்த ஜூபிலி ஆண்டில் ஒரு பாட்டுக்காவது அப்படி எழுதி வையுங்கள். அடுத்த ஜூபிலியில் வாசிக்கப்போகும் குழந்தை உங்களை வாழ்த்தும்.