கழுத்து அறுவைக்குப் பின் பால் போல நீர் வடிந்தால்



வாய்ப்புற்று, நாக்குப்புற்று போன்றவற்றுக்கு அறுவை செய்யும்போது கழுத்திலுள்ள நெறிக்கட்டிகளையும் எடுப்பது வழக்கம். காயத்து நீர் வடிய ஒரு குழாயும் புட்டியும் வைப்பார்கள். முதலில் இரத்தம் கலந்த நீர் வரும். நாளாக ஆகக் குறையும். சிலருக்கு மட்டும், சாப்பிடத் தொடங்கிய பிறகு, பால் போல வெள்ளையாக வடியும். "ஐயோ, சீழ் பிடிச்சிடுச்சே, புற்று திரும்ப வந்திடுச்சே" என்று வீட்டார் கலங்குகிறார்கள். இது சீழும் அல்ல, புற்றும் அல்ல.

நாம் உண்ணும் எண்ணெய், நெய், பால் இவற்றின் கொழுப்பைக் குடலிலிருந்து சுமந்து செல்ல ஒரு மெல்லிய நிணநீர்க் குழாய் இருக்கிறது. அது மார்பு வழியாக ஏறி, இடது கழுத்தடியில் இரத்தக் குழாயோடு சேருகிறது. அறுவையின்போது அதில் கீறல் விழுந்தால் நிணநீர் கசியும். அன்று நோயாளி வெறும் வயிற்றோடு இருப்பதால் கசிவு தெளிந்த நீராக இருக்கும், கண்ணுக்குத் தப்பிவிடும்.

கசிவை அப்படியே விடக்கூடாது. புரதமும், உப்பும், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களும் வடிந்து போகும். உடம்பு இளைக்கும், காயம் ஆறாது.

வாய்க்கால் கரை உடைந்தால் என்ன செய்கிறோம்? முதலில் மடையை அடைத்து நீர்வரத்தைக் குறைக்கிறோம். இங்கும் அதுதான் வைத்தியம். கொழுப்பை நிறுத்தினால் நிணநீர் வரத்து குறையும். ஓட்டை தானே மூடிக்கொள்ள வழி உண்டு. தலையை உயர்த்திப் படுக்க வைப்பதும், கழுத்தில் அழுத்திக் கட்டுவதும், ஆக்ட்ரியோடைட் ஊசியும் இதற்குத் துணை. கசிவு நாளுக்கு 500 மில்லி லிட்டருக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் இதிலேயே நிற்கும். ஒரு லிட்டருக்கு மேல் போனாலோ, நாட்கள் கடந்தும் நிற்காவிட்டாலோ, மறுபடி திறந்து குழாயைக் கட்டுவார்கள். அல்லது மெல்லிய கம்பி செலுத்தி உள்ளிருந்தே அடைப்பார்கள்.

இனி, கணவன் மனைவி கவனிக்க வேண்டியவை:

1. "தெம்பு வரட்டும்" என்று பால், ஆட்டுக்கால் சூப், முட்டை மஞ்சள் கரு, நெய், தேங்காய், கடலை கொடுக்காதீர்கள். மூக்குக் குழாயில் ஊற்றும் பாலும் இதில் சேர்த்திதான்.

2. டாக்டர் சம்மதித்தால் அரிசிக் கஞ்சி, தாளிக்காத ரசம், பருப்புத் தண்ணீர், முட்டை வெள்ளைக் கரு, பழச்சாறு கொடுக்கலாம். சில நேரம் வாய்வழி உணவையே நிறுத்தி நரம்பில் சத்து ஏற்றுவார்கள்.

3. எம்.சி.டி. எண்ணெய் எழுதித் தந்தால் அதையே வாங்குங்கள். வீட்டுத் தேங்காய் எண்ணெய் அதற்கு ஈடாகாது.

4. புட்டியில் எவ்வளவு, என்ன நிறம் என்பதை நர்சம்மா அளக்காமல் கொட்டாதீர்கள். அந்த அளவைப் பார்த்துத்தான் வைத்தியம்.

5. மலச்சிக்கல், முக்கல், பாரம் தூக்கல் கூடாது.

வீடு திரும்பிய பின் கழுத்து வீங்கினாலோ, காயத்தில் வெள்ளை நீர் வந்தாலோ, அறுவை செய்த ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள். மூச்சு திணறினால் 108-ஐ அழையுங்கள்.

பாசத்தோடு ஊட்டும் ஒரு டம்ளர் பால் கசிவை நீட்டிவிடும். சில வாரம் பொறுத்து, பத்தியம் காத்தால், பாலும் நெய்யும் டாக்டர் சொல்படி மறுபடி சாப்பிடலாம். புகையிலையும் பீடியும் மட்டும் அந்த வீட்டுப் படியேற வேண்டாம்.