சொட்டும் குழாயும் நம் மனச்சான்றும்



குழாய் சொட்டினால், பெரும்பாலும் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும். சில ரூபாயில் மாற்றிவிடலாம். ஆனால் தனியாக வாழும் முதியவரிடம், "குழாயையே மாத்தணும் பாட்டி" என்று சொல்லி, கடையில் கமிஷனும் பெறுவோர் உண்டு. மாத்திரைக்கு வைத்திருந்த பணம் அதில் போய்விடுகிறது. கள்ள எடைக்கல்லை ஆண்டவர் வெறுக்கிறார். பிறர் அறியாமையைக் காசாக்கும் பொய்யும் கள்ள எடைக்கல்லே.

நாமும் நம்மைச் சோதித்தறிவோம். கூலியைப் பேரம் பேசிக் குறைக்கிறோம். குறைத்ததை அவர் பொருளின் விலையில் ஏற்றுகிறார். அது பொய்யை நியாயமாக்காது. ஆனால் நம் பங்கும் அதில் உண்டு. உரிய கூலியைக் கொடுப்போம். கழற்றிய பாகத்தையும் கடை ரசீதையும் கேட்டு வாங்குவோம். நம்மில் இத்தொழில் செய்வோர், நான்கு மடங்காகத் திருப்பித்தர முன்வந்த சக்கேயுவை நினைத்து, ஏமாற்றி வாங்கியதையாவது திருப்பிக் கொடுப்போம். அவர் வீட்டுக்கு வந்த மீட்பு நம் வீட்டுக்கும் வரட்டும். ஆமென்.