நீரும் மழையும் வளர்க்கும் தமிழ்ப் படிப்பு



தில்லி, மும்பை, கொல்கத்தா, அகமதாபாத் முதலிய நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு நிலையைப் பரவலாகக் காண்கின்றோம். பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பிறர் பேசினால் பொருள் உணர்கின்றனர். ஆனால், தமிழ் நூலொன்றைக் கையிற் கொடுத்தால், எழுத்துக் கூட்டுவதோடு நின்றுவிடுகின்றனர். இந்நிலை நீடிக்குமாயின், தமிழ் அடுக்களையிலும் திருமண வீட்டிலும் மட்டும் வழங்கும் பேச்சாகச் சுருங்கிவிடும். எழுத்துக் கற்பித்தால் போதும் என்று நாம் எண்ணுவதே இதற்குப் பெரிதும் காரணமாகும். எழுத்துக்கு அடுத்த படியாக அறிவியல் நூல்கள் செய்யக்கூடிய உதவியை இன்று ஆராய்வோம்.

முதலில், படிக்கும்போது மூளையில் நிகழ்வது யாது? பேச்சு, கேட்டுப் பழகும் குழந்தைக்குத் தானே வருகின்றது. படிப்பு அவ்வாறு வருவதன்று. உலகில் எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. படிப்பதற்கெனத் தனி உறுப்பு மூளையில் அமைய இக்காலம் போதாது. ஆகவே, பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காணும் பார்வைப் பகுதிகளுள் ஒரு சிறு பகுதி, பயிற்சியினால் எழுத்தை அறியும் பணியை மேற்கொள்கின்றது. பிரெஞ்சு அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் 2007-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கியுள்ளார். எந்த எழுத்து முறையைப் படிப்போர்க்கும், மூளையின் இடப்பக்கத்தில், பின்புறக் கீழ்ப்பகுதியில், ஏறத்தாழ ஒரே இடமே இப்பணியைச் செய்கின்றது.

இச்செய்தி நமக்கு ஊக்கம் தருவதாகும். இந்தியோ மராத்தியோ படிக்கக் கற்ற பிள்ளை, தமிழைத் தொடக்கத்திலிருந்து பயில வேண்டுவதில்லை. இந்தியில் ‘கி’ என்னும் எழுத்தின் இகரக் குறி மெய்க்கு முன்னே நிற்கின்றது. தமிழில் ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றின் குறிகளும் அவ்வாறே முன்னிற்கின்றன. வேறுபடும் இடத்தை மட்டும் நாம் எடுத்துக் கூறினால் போதும். ‘பாம்பு’ என்னும் சொல்லில் பகரம் இருமுறை வருகின்றது. முதலில் வல்லோசையாகவும், மகரத்துக்குப் பின் மெல்லோசையாகவும் ஒலிக்கின்றது. இந்தியில் இவ்விரண்டு ஒலிகளுக்கும் இரண்டு எழுத்துகள் உண்டு. தமிழில் எழுத்து நிற்கும் இடமே ஒலியைக் காட்டுகின்றது.

ஆயினும், எழுத்தறிவு படிப்பின் ஒரு பாதியே. மற்றொரு பாதி, படிக்கும் பொருளைப் பற்றிய அறிவு. அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்னும் ஆய்வாளர் இருவர், 64 மாணவர்களுக்குப் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்து, 1988-இல் அதன் முடிவை வெளியிட்டனர். படிப்புத்திறன் குறைந்தவராயினும் ஆட்டத்தை நன்கறிந்த மாணவர்கள், திறன் மிக்கவராயினும் ஆட்டத்தை அறியாத மாணவர்களைவிட, நன்றாகப் பொருள் உணர்ந்திருந்தனர். தமிழ்ப் பாடத்தைத் தமிழறிவு ஒன்றினால் மட்டும் வளர்க்க இயலாது என்பதற்கு இது தக்க சான்று. உலகைப் பற்றிய அறிவும் உடன் வளர வேண்டும்.

இதற்கு மழையைக் காட்டிலும் ஏற்ற பொருள் வேறில்லை. தில்லியில் பயிலும் பிள்ளைக்கு மழைக்காலம் என்றால் ஜூலையும் ஆகஸ்டும் ஆகும். தஞ்சையில் இருக்கும் பாட்டியோ, ஐப்பசி கார்த்திகையே மழைக்காலம் என்கிறார். இருவர் கூற்றும் உண்மையே. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் நாளை ஒட்டிக் கேரளக் கரையை அடைகின்றது. ஏறத்தாழப் பத்து நாளில் மும்பையையும், ஜூன் இறுதியில் தில்லியையும் எட்டுகின்றது. அக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மழையைப் பொழிகின்றது. மலைக்குக் கிழக்கே இறங்கும்போது அதில் ஈரம் குறைந்துவிடுகின்றது. ஆகவே, தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் வங்கக் கடலிலிருந்து கிடைக்கின்றது. இதனைத் தமிழில் படிக்கும் பிள்ளை, தான் வாழும் ஊரையும் தன் முன்னோர் ஊரையும் ஒரே வானத்தின் கீழ் வைத்து அறிந்துகொள்கின்றது.

படித்ததைச் செய்து பார்க்கவும் வேண்டும். ஒரு பித்தளைத் தம்ளரில் பனிக்கட்டி இட்ட நீரை ஊற்றி வையுங்கள். சிறிது நேரத்தில் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்பும். அவை உள்ளிருந்து கசிந்தவை அல்ல. காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து துளியானவை. மேகத்திலும் இதுவே நிகழ்கின்றது. வறண்ட சித்திரையில் ஒரு முறையும், ஈரம் நிறைந்த ஆடியில் மற்றொரு முறையும் செய்து, கண்ட வேறுபாட்டைப் பிள்ளை தமிழில் நான்கு வரிகள் எழுதட்டும். ‘தண்ணி வேர்க்குது’ என்று சொல்லும் பிள்ளை, ‘நீராவி குளிர்ந்து துளியாகின்றது’ என்று எழுதப் பழகும்போது, பேச்சுத் தமிழிலிருந்து நூல் தமிழுக்கு ஒரு படி ஏறிவிடுகின்றது.

இதற்குரிய நூல்கள் தமிழில் இல்லாமற் போகவில்லை. 1891 முதல் 1986 வரை வாழ்ந்த பெ. நா. அப்புசாமி, எளிய தமிழில் அறிவியலை எழுதுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டார். பெரியசாமித் தூரன் தலைமையில் குழந்தைகள் கலைக்களஞ்சியம் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-இல் ‘துளிர்’ என்னும் சிறுவர் இதழைத் தொடங்கியது. பழைய நூல்களில் காலத்தால் மாறிய செய்திகள் இருக்கலாம். அவற்றைப் புதியவற்றோடு ஒப்பிடுவதும் நல்லதொரு பயிற்சியே.

நகரந்தோறும் உள்ள நம் தமிழ்ச் சங்கங்கள், தம் நூலகத்தில் ஓர் அடுக்கைச் சிறுவர் அறிவியல் நூல்களுக்கென ஒதுக்கலாம். பெற்றோர் நாள்தோறும் ஒரு பக்கத்தைப் பிள்ளையோடு சேர்ந்து உரக்கப் படிக்கலாம். பெற்றோருக்கே தமிழ் எழுத்துப் பழக்கம் குறைந்திருப்பின், இருவரும் சேர்ந்தே கற்கலாம். இலக்கணமும் இலக்கியமும் பின்னர் வரட்டும். அடுத்த மழை நாளில் நாம் பிள்ளையின் கையில் தரும் நூல், அந்த மழையைப் பற்றிய தமிழ் நூலாக இருக்கட்டும்.