ஏட்டில் ஏறாத ஓட்டங்கள்

ஐக்கிய அமெரிக்க மக்கள் உயிரென மதிக்கும் பேஸ்போல் ஆட்டத்தை விளக்கப் பெருமுயற்சி வேண்டுவதில்லை. நம் நாட்டு எல்லே விளையாட்டைப் பார்த்தவர்க்கு அதன் பாதி விளங்கிவிடும். அங்கும் கழியால் பந்தை ஓங்கி அடித்துவிட்டுக் குறித்த இடங்களைச் சுற்றி ஓடிவருதலே ஆட்டம். மறுபாதியோ கணக்கு. எவர் எத்தனை முறை அடிக்க நின்றார், எத்தனை முறை வெற்றி கண்டார் என ஒவ்வோர் ஆட்டத்தையும் எண்களாக்கிவிடுவர். அவ்வகைக் கணக்குப் பட்டியலுக்கு வடிவு கொடுத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்திற் பிறந்தவர்; துடுப்பாட்டச் செய்திகளை எழுதிப் பழகியவர் என்பது சுவையான செய்தி.

அந்த ஏட்டில் டை கொப் என்பாரின் பெயர் நெடுங்காலம் தலைமை பெற்றிருந்தது. ஆயிரம் முறை அடிக்க நின்றால் 367 முறை வெற்றி என்பது அவரது விகிதம். 1928இல் அவர் ஓய்வு பெற்ற பின்னும் அதனை எவரும் தாண்டவில்லை என்றே பிள்ளைகள் மனனஞ் செய்தனர். ஆனால் 2024 மே மாதத்தில் அவ்விடம் யோஷ் கிப்சனுக்குச் சென்றது. அவரது விகிதம் 372. வியப்பு யாதெனில், கிப்சன் 1947 சனவரியிலேயே, தமது 35ஆம் வயதில் இறந்துவிட்டார்!

இறந்தவர் எங்ஙனம் முந்தினார்? அவர் கறுப்பினத்தவர். பெருங்கழகங்கள் கறுப்பினத்தாரைச் சேர்ப்பதில்லை என்பது எழுதப்படாத சட்டமாயிருந்தது. ஆதலால் அவர்கள் தமக்கெனக் கழகங்கள் அமைத்து ஆடினர். கிப்சன் மறைந்து மூன்று திங்கள் செல்லுமுன், 1947 ஏப்ரல் 15இல், யக்கி றொபின்சன் புறூக்ளின் அணிக்காகக் களமிறங்கி அத்தடையை உடைத்தார். அக்கழகங்களும் பெருங்கழகங்களே என்ற ஒப்புதல் 2020இல்தான் கிடைத்தது. அதன்பின் 2,300க்கு மேற்பட்ட ஆட்டக்காரரின் கணக்கு ஏட்டிலேறிற்று.

அதே 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் இலங்கைத் தமிழர் ஒருவர் 215 ஓட்டங்களைக் குவித்தார். அவர்தாம் மகாதேவன் சதாசிவம். அடுத்த ஆண்டு, பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பு ஓவல் திடலில் ஆடியபோது இலங்கையின் தலைவர் அவரே. (அன்று ஆடுகளம் இருபத்திரண்டு யாருக்குப் பதிலாக இருபது யாராகவே இருந்ததாம்!) பின்னர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் அவர் தலைமை தாங்கினார். மூன்று நாடுகளுக்குத் தலைவராதல் எளிதில் வாய்ப்பதன்று.

ஆயினும் டெஸ்ட் ஏட்டில் சதாசிவத்தின் பெயர் இல்லை. இலங்கைக்கு அத்தகுதி 1981இல் வழங்கப்பட்டது. அவர் 1977இலேயே காலமானார். 1982 பெப்ரவரியில் நாட்டின் முதல் டெஸ்ட் பிராட்மன் வந்த அதே ஓவல் திடலில்தான் நடைபெற்றது. அதற்குள் அது சரவணமுத்து அரங்கமெனப் பெயர் பெற்றிருந்தது. சதாசிவம் ஆடிய தமிழ் யூனியன் கழகத்திலேயே பிற்காலத்தில் வளர்ந்தவர் முத்தையா முரளிதரன். அவர் 2010 யூலை 22இல் காலியில் வீழ்த்திய 800ஆவது விக்கெட்டைச் சிறுவனும் சொல்வான். சதாசிவத்தின் 215ஐச் சொல்வார் மிகச் சிலர்.

கிப்சனை விலக்கியது நிறவெறி. சதாசிவத்தை விலக்கியது அவர் பிறந்த காலம். இரண்டையும் ஒன்றென்றல் கிப்சனுக்கு இழைக்கும் அநீதியாகும். எனினும் ஏட்டிலில்லாதவன் ஆடாதவனாகி விடுகிறான் என்னும் அளவில் இருவர் நிலையும் ஒன்றே.

திருக்கோவில் தொடங்கி அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை வரையுள்ள கரையோர ஊர்களின் திடல்களிலும் அடித்தவரும் வீழ்த்தியவரும் பலர். 2004 திசம்பர் 26இல் கடல் ஏறியபோது எத்தனையோ வீடுகளின் ஏடுகளும் நிழற்படங்களும் நீரோடு போயின. எஞ்சியவை முதியோர் நெஞ்சிலும் பழைய பத்திரிகைத் துண்டுகளிலுமே கிடக்கின்றன.

கிப்சனின் கணக்கும் அத்தகைய துண்டுகளிலிருந்தே மீட்கப்பட்டது. கறுப்பின மக்கள் நடத்திய சிறு பத்திரிகைகளை ஆய்வாளர் ஆண்டுக்கணக்கிற் புரட்டி, ஆட்டம் ஆட்டமாகச் சேர்த்தனர். 1920 முதல் 1948 வரையான ஆட்டங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கின் விவரம் கிடைத்தபோதே புதிய ஏடு வெளியிடப்பட்டது. எஞ்சிய பங்கைத் தேடும் வேலை அதன்பின்னும் நிற்கவில்லை.