காய்கறி கழுவ விலை கொடுத்து மருந்து வாங்க வேண்டாம்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



நம்ம ஆரணியில் தறி போட்ட வீடுகளில் ஒரே கூடத்தில்தான் தறியும் அடுப்பும். நாடா ஓட்டிய கையோடு எழுந்து உலை வைத்து, காய் நறுக்கி, மறுபடி குழியில் இறங்குகிறோம். காயை ஒரு முக்கு முக்கி எடுக்கத்தான் நேரம் இருக்கிறது. அதனால் அதைப் பற்றி இன்று பேசுவோம்.

2015-ல் கேரளாவில் பெரிய சர்ச்சை நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து போகும் காய்கறியில் பூச்சிமருந்து அதிகம் என்று அங்கே சொன்னார்கள், நம்ம விவசாயிகள் மறுத்தார்கள். நியாயம் யார் பக்கம் என்பது இருக்கட்டும். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி மாட்டியது எது தெரியுமா? கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி! கொசுறாக வாங்கி, தாளிக்கும்போது அப்படியே கிள்ளிப் போடுகிறோமே, அதுதான். புளி கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசச் சொன்னார்கள். புளி நம்ம வீட்டில் இல்லாமலா போகும்?

காய்கறி கழுவ என்றே பாட்டிலில் திரவம் விற்கிறார்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநில வேளாண் ஆய்வு நிலையம் இதைச் சோதித்தது. வெறும் குழாய்த் தண்ணீரில் அலசியதிலேயே 12 மருந்துகளில் 9 குறைந்தன. பாட்டில் திரவம் தண்ணீரைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. சந்தா கட்டும் காசை அதில் போட வேண்டாம் என்பதே நம் கருத்து. கையால் தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலசுவதுதான் முக்கியம். குழாய் இல்லாவிட்டால் குடத்திலிருந்து ஊற்றி அலசலாம்.

2017-ல் ஆப்பிளை வைத்து அங்கே இன்னொரு ஆய்வு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் ஆப்ப சோடா போட்டு 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்ததில், மேல்தோலில் இருந்த மருந்து போய்விட்டது. ஆனால் ஒரு மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு தோலுக்குள் இறங்கிவிட்டதாம். அதற்குத் தோல் சீவுவதுதான் வழி.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாம் சொல்வது ஆப்ப சோடா. பட்டு நூலில் பசை எடுக்கப் போடும் சலவை சோடா அல்ல! இரண்டும் வெள்ளைத் தூள்தான், பெயரிலும் சோடா இருக்கிறது. சலவை சோடா வாயையும் குடலையும் புண்ணாக்கும். சமையல் பக்கமே வைக்காதீர்கள். சாயம் காய்ச்சிய பாத்திரத்தில் கீரை அலசுவதும் கூடாது.

சோப்பும் வேண்டாம். 2020-ல் கொரோனா பயத்தில் பலர் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். காய்கறிக்கு சோப்பு கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே அப்போது சொன்னது.

கீரையை அகலமான பாத்திரத்தில் போட்டு அலசி, கையால் அள்ளி எடுங்கள். சாய்த்து ஊற்றினால் அடியில் தங்கிய மண் திரும்ப அதன்மேலேயே வரும். நறுக்கிய பிறகு கழுவினால் சத்து தண்ணீரோடு போகும். பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கேரட், கொத்தமல்லி இவற்றைக் கடைசியாகக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் அலசுங்கள். தண்ணீரே சரியில்லை என்றால் கழுவிப் பலன் இல்லை. பூச்சிமுட்டை, டைபாய்டு கிருமி எல்லாம் அதில்தான் வரும்.

வயல் உள்ளவர்களுக்கு ஒன்று. 2013 ஜூலையில் பீகாரில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது. காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை செய்த மருந்து அது. மருந்து வந்த டப்பா எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எத்தனை முறை கழுவினாலும், அதில் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்காதீர்கள். காலியானதும் ஆணியால் ஓட்டை போட்டுவிடுங்கள், வேறு யாரும் எடுத்துப் புழங்க முடியாதபடி.