விடியற்கால ஓட்டம்

பரிசுக்காக ஓடுகிறவன் அல்லேன் நான். ஓடுவதிலுள்ள இன்பத்துக்காகவே ஓடுகிறேன். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடி நோக்கி முதல் நாள் ஓடியபோது வேகமே வீரமென்று எண்ணினேன்; ஒரு கிலோமீட்டருக்குள் மூச்சிரைத்துச் சாலையோரம் அமர்ந்துவிட்டேன். வெட்கத்தால் ஓட்டத்தையே கைவிட எண்ணினேன்.

அப்போது ரோஜர் பானிஸ்டர் நினைவுக்கு வந்தார். மருத்துவ மாணவரான அவர், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் நான்காம் இடமே பெற்றார். மனந்தளராமல் பயின்று, 1954 மே 6 அன்று ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் கடந்தார்.

மறுநாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய அளவுக்கு மெல்ல ஓடினேன். பழகப் பழக இதயமும் மூச்சும் வலுப்பெற்றன. சில வாரங்களில் நில்லாமல் ஆவடி சென்று திரும்பினேன். பாராட்ட அங்கு எவருமில்லை. கீழ்வானம் வெளுத்திருந்தது, அவ்வளவே. எனினும் என் ஓட்டங்களுள் அதுவே எனக்கு மிக இனியது.